கப்பல் வந்ததா?

வருஷம் 1939. பிரிட்டனின் யுத்தத்தை நடத்தும் பொறுப்பு உங்கள் கையில்! திகைக்காதீர்கள். உங்கள் எதிரே இருப்பது கம்ப்யூட்டர் திரை. அதில் விரிந்து கிடப்பது உலகப் படம். ஸ்வீடன் நாட்டுப் பாரடாக்ஸ் நிறுவனத்தார் 2016-ல் வெளியிட்ட ‘ஹார்ட்ஸ் ஆப் அயர்ன் 4’ என்ற விளையாட்டு அது. இரண்டாவது உலக யுத்தத்தில் ஒரு தேசத்தையே கட்டி ஆள்வதுதான் ஆட்டம்.

புதிதாக ஆட உட்காருகிறவர் என்ன செய்கிறார், தெரியுமா? டாங்கிப் படையைத் திரட்டுகிறார், விமானங்களைப் பறக்கவிடுகிறார். கடற்படையை மட்டும் ஒரே கும்பலாக ஒரு துறைமுகத்தில் நிறுத்திவிட்டு, அடியோடு மறந்துவிடுகிறார்.

ஆட்டத்தில் சில மாதங்கள் ஓடுகின்றன. ஒரு நாள் பார்த்தால், விமானத் தொழிற்சாலையில் ரப்பர் இல்லை. எண்ணெய் இருப்பும் கரைந்துகொண்டே போகிறது. எதிரியின் சிப்பாய் ஒருவன்கூடக் கரையில் கால் வைக்கவில்லை. ஆனாலும் யுத்தம் கைநழுவிக்கொண்டிருக்கிறது! காரணம்? மலாயாவிலிருந்து ரப்பர் ஏற்றி வந்த சரக்குக் கப்பல்களை எதிரியின் நீர்மூழ்கிகள் வழியிலேயே மூழ்கடித்துவிட்டன.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது அல்லவா? தீவு நாட்டுக்குச் சரக்குக் கப்பல்தான் அச்சாணி.

அப்படியானால் என்ன செய்யலாம்? முதலில் கடற்படையை மூன்றாகப் பிரியுங்கள். ‘டிஸ்ட்ராயர்’ என்னும் சிறிய, வேகமான போர்க் கப்பல்களைச் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாக அனுப்புங்கள். நீருக்கடியில் பதுங்கியிருப்பதை ஒலியால் கண்டுபிடிக்கும் ஸோனார் கருவியும், ஆழத்தில் வெடிக்கும் குண்டுகளும் அவற்றில் இருக்கட்டும். இன்னொரு பிரிவு ரோந்து சுற்றி எதிரியைத் தேடட்டும். பெரிய யுத்தக் கப்பல்கள் துறைமுகத்திலேயே காத்திருந்து, எதிரி அகப்பட்டான் என்று தகவல் வந்ததும் பாயட்டும். எண்ணெயும் மிச்சம்!

பெரிய கப்பலைத் தனியே மட்டும் அனுப்பிவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று சிறு கப்பல்களாவது துணை வேண்டும். இல்லையேல், வருஷக் கணக்கில் கட்டிய கப்பல் ஒரே நாளில் டார்பிடோவுக்கு இரையாகிவிடும்.

‘இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குத்தானே?’ என்று கேட்கிறீர்களா? 1942-ல் லிவர்பூல் நகரில் பிரிட்டிஷ் கடற்படையே இப்படி ஓர் ஆட்டம் ஆடியது! ஓர் அறையின் தரைதான் அட்லாண்டிக் சமுத்திரம். காப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸின் தலைமையில், கடற்படையின் மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம் பெண்கள் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு, பொம்மைக் கப்பல்களை நகர்த்தினார்கள். நீர்மூழ்கி எப்படிச் சரக்குக் கப்பல்களின் நடுவே புகுந்து தாக்குகிறது என்பதை ஆடியே கண்டுபிடித்தார்கள். அதை மடக்கும் வழியையும் வகுத்தார்கள். ஆயிரக்கணக்கான அதிகாரிகள் அந்தத் தரையில் பாடம் கற்றுக் கடலுக்குப் போனார்கள். இந்தப் பயிற்சியும், ரேடாரும், விமானங்களும் சேர்ந்து நிலைமையை மாற்றின. 1943 மே மாதத்தில் மட்டும் ஜெர்மனி 40 நீர்மூழ்கிகளுக்கு மேல் இழந்தது.

அதற்குக் கொடுத்த விலையோ கொஞ்சமல்ல. பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை பார்த்த சுமார் 30,000 மாலுமிகள் அந்த யுத்தத்தில் மாண்டார்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானோர் இந்தியர்கள்.

ஆட்டத்தில் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கினால், திரையில் ஓர் எண் குறையும், அவ்வளவுதான். அடுத்த முறை அந்த எண் குறையும்போது, டாங்கிகளைக் கொஞ்சம் நிறுத்திவைத்துவிட்டு, ஒரு காவல் கப்பலை அந்தப் பக்கம் அனுப்புங்கள்!