தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது

முன்னால் சின்னத் தோட்டம், பின்னால் அதைவிடப் பெரிய தோட்டம், வீட்டுக்குள்ளேயே குளியலறை, உள்ளேயே கக்கூஸ். 1930-களில் லண்டனைச் சுற்றிலும் வீடு விற்றவர்கள் விலையோடு காற்றையும் சேர்த்தே விற்றார்கள். புகை இல்லை, நெரிசல் இல்லை, பிள்ளைகளின் மார்ச்சளி போய்விடும், ஸ்டேஷனுக்கு நடந்தே போகலாம். வட மேற்குப் பக்கம் ஒரு ரயில் கம்பெனி தன் பாதையோரக் கிராமங்களுக்கெல்லாம் ‘மெட்ரோலேண்ட்’ என்று பெயர் சூட்டி வருடா வருடம் விளம்பரப் புத்தகமே போட்டது. சுமார் 600 பவுண்டுக்கு ஒட்டு வீட்டில் ஒரு பாதி சொந்தமாகிவிடும். கிளார்க் வேலையில் இருப்பவர் கடன் வாங்கிக் கட்டிவிடக்கூடிய தொகைதான்.

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எழும்பிய வீடுகள் சுமார் 40 லட்சம். இதில் பத்து லட்சத்துக்கு மேல் உள்ளாட்சிகளே கட்டி வாடகைக்கு விட்டவை. ‘ஆரோக்கியமான புறநகர்’ என்று அன்றைக்கு எல்லோரும் பேசிய அந்த ஊர்களில், ஆரோக்கியம் உண்மையில் எங்கே இருந்தது? தோட்டத்தில் இல்லை என்பது என் கட்சி. மண்ணுக்கு அடியில் இருந்தது. அங்கே யாரும் எட்டிப் பார்க்காததுதான் பிறகு வந்த வினை.

டேகனத்தை எடுத்துக்கொள்வோம். லண்டனுக்குக் கிழக்கே, தேம்ஸ் கரையில் காய்கறி விளைந்த ஊர். 1921 கணக்கெடுப்பில் ஜனத்தொகை 9,127. 1931-ல் 89,362. நடுவில் நடந்தது பெகன்ட்ரீ குடியிருப்பு. கிழக்கு லண்டனின் குறுகிய சந்துகளில், பல குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ் என்று இருந்தவர்களைக் கொண்டுவந்து குடியேற்ற 25,000-க்கும் அதிகமான வீடுகள். ஊர் இப்படி ஊதிக்கொண்டிருந்தபோது, 1926 வரை அது ஒரு கிராமப்புற மாவட்டத்தின் மூலையாகத்தான் இருந்தது. தனி நகர்ப்புற மாவட்டம் என்ற தகுதி அந்த ஆண்டில்தான் கிடைத்தது. வீடு வந்துவிட்டது, ஜனங்கள் வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் மெதுவாகப் பின்னால் வந்தன.

இப்படிப்பட்ட ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு ஹெல்த் ஆபீசர், அவருக்குக் கீழே சானிட்டரி இன்ஸ்பெக்டர்கள், வீடு வீடாகப் போய்ப் பச்சைக் குழந்தைகளைப் பார்க்கும் பெண் ஊழியர்கள். நம் முனிசிபாலிட்டிகளில் இருந்த பதவிகளும் அந்த அச்சில் வார்த்தவைதான். சிறிய மாவட்டங்களில் ஹெல்த் ஆபீசர் பாதி நேர ஊழியர். காலையில் சொந்த கிளினிக், மாலையில் சாக்கடை விவகாரம் என்று காலம் தள்ளியவர்களும் உண்டு. அவர் வருடத்துக்கு ஒரு முறை ஓர் அறிக்கை அச்சடித்துக் கொடுக்க வேண்டும். பிறப்பு, இறப்பு, தொற்றுநோய்க் கணக்கு, எத்தனை சாக்கடை சோதித்தோம், எத்தனை பால் பண்ணை பார்த்தோம், இறைச்சிக்கூடம், எலி, மூட்டைப்பூச்சி, ஐஸ்கிரீம் கடை, நீச்சல் குளம். பத்துப் பக்கம் புரட்டினால் கொட்டாவி வரும். ஆனால் ஒரு சமூகம் தன் அழுக்கைத் தானே எண்ணி, தானே அச்சிட்டு, யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று வைத்ததை நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

எண்களும் நல்ல சேதிதான் சொல்லின. இங்கிலாந்து, வேல்ஸில் 1920-ல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 80 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 1939-ல் அது 51. பள்ளிக்கூடத்தில் 1934 முதல் அரைப் பென்னிக்குச் சின்ன பாட்டில் பால் கிடைத்தது. புறநகர்க்காரர்கள் பெருமூச்சு விட்டதில் தப்பில்லை.

அந்தப் பெருமூச்சுக்குப் பின்னால் இருந்த வேலையைப் பாருங்கள். மேற்கு மிடில்செக்ஸில் வீடுகள் பெருகிய வேகத்தில், ஒவ்வொரு சிற்றூரும் தனித்தனியே வைத்திருந்த கழிவுநீர் நிலையங்கள் திணறிப்போயின. இருபத்தெட்டு நிலையங்கள். அத்தனையையும் மூடிவிட்டு, ஐல்வொர்த் பக்கத்தில் மோக்டன் என்ற இடத்தில் ஒரே பெரிய நிலையம் கட்டினார்கள். 1931-ல் தொடங்கி 1936-ல் திறந்தார்கள். சுத்திகரித்த நீர் தேம்ஸுக்கு, மிஞ்சிய சேறு குழாய் வழியாகப் பல மைல் தள்ளி பெரி ஓக்ஸுக்கு. லண்டன் ஹீத்ரோவில் ஐந்தாவது முனையத்தில் இறங்கி டிராலி தள்ளிய வாசகர்கள் யாராவது இருந்தால், நீங்கள் நடந்தது அந்தப் பெரி ஓக்ஸ் மேல்தான். பெரும்பாலான ஊர்வரலாறுகளில் சினிமா கொட்டகை திறந்த தேதி இருக்கும், ராணி வந்த தேதி இருக்கும். சாக்கடைக்கு ஒரு வரி கிடைத்தால் பெரிய விஷயம்.

இன்னொரு காட்சி. சேரியை இடித்துப் புது வீட்டுக்கு ஜனங்களை மாற்றும்போது, கூடவே மூட்டைப்பூச்சியும் வந்துவிடுமே? 1930-களில் பல ஊர்களில் ஒரு வழி கண்டார்கள். குடும்பத்தின் கட்டில், நாற்காலி, அலமாரி எல்லாவற்றையும் ஒரு மூடிய வேனில் ஏற்றுவார்கள். கதவை இறுக அடைத்து உள்ளே ஹைட்ரஜன் சயனைடு வாயுவை விடுவார்கள். ஆளைக் கொல்லும் அதே விஷம்தான். மணிக்கணக்கில் வைத்துவிட்டு, பிறகு காற்றாட விட்டு, புது வீட்டு வாசலில் இறக்குவார்கள். மெத்தை, தலையணையில் வாயு தங்கிவிடும் என்பதால் அவற்றுக்கு வேறு வழி, நீராவி. புது வீட்டுக்குப் போகிறோம் என்ற சந்தோஷத்தில் இருக்கும் ஒரு அம்மாவுக்கு, தன் சாமான்கள் விஷ வண்டியிலிருந்து இறங்குவதைத் தெருவே பார்ப்பது எப்படி இருந்திருக்கும்? அறிக்கையில் வேன்களின் கணக்கு இருக்கும். அந்த அம்மாவின் முகம் இருக்காது.

தொற்றுநோய் ஆஸ்பத்திரியும் அப்படித்தான். பிள்ளைக்கு ஸ்கார்லட் காய்ச்சல் என்றால் வண்டி வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். வாரக்கணக்கில் உள்ளேதான். பெற்றோர் உள்ளே போக முடியாது, கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று கையசைக்கலாம். பல ஊர்களில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு எண் கொடுத்து, அந்த எண்களை உள்ளூர் மாலைப் பத்திரிகையில் ‘கவலைக்கிடம்’, ‘முன்னேற்றம்’ என்று பிரித்துப் போடுவார்கள். அப்பா வேலை முடிந்து திரும்பும்போது பேப்பர் வாங்கி, முதலில் தேடுவது அந்த எண்ணை. டிப்தீரியா மட்டும் 1930-களில் ஆண்டுக்குச் சுமார் 50,000 பேரைப் பிடித்து, சுமார் 3,000 பேரைக் கொன்றது. அதற்குத் தடுப்பூசி இருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் போட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தில் நாடு முழுக்கப் போட 1940 வரை ஆனது. ஆஸ்பத்திரிதான் இருக்கிறதே, கட்டில்தான் இருக்கிறதே என்ற தெம்பு ஒரு காரணம் என்றே எனக்குப் படுகிறது.

அந்தத் தெம்புதான் என் கவலை. அழுக்கு ஊர்களில் அழுக்கைப் பார்த்துப் பயந்தார்கள், பயந்ததால் காவல் வைத்தார்கள். புறநகரில் பயம் போனது, காவலும் கூடவே போனது. இதற்குக் கிராய்டனைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

தெற்கு லண்டனை ஒட்டிய கிராய்டன் அப்போது சாதாரண ஊரில்லை. லண்டனின் முக்கிய விமான நிலையம் அங்கேதான் இருந்தது. தெற்குக் கிராய்டன் நல்ல சம்பளக்காரர்களின் பகுதி, அகலமான தெரு, வெட்டிவிட்ட வேலிச் செடி. அந்தப் பகுதிக்குக் குடிநீர் அடிங்டன் கிணற்றிலிருந்து வந்தது. ஆழமான சுண்ணாம்புப் பாறைக் கிணறு. சுண்ணாம்புப் பாறை தண்ணீரைத் தானே வடிகட்டிக் கொடுத்துவிடும் என்பது தலைமுறை தலைமுறையான நம்பிக்கை. கண்ணாடி டம்ளரில் பிடித்தால் அவ்வளவு தெளிவு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. லண்டன்காரர்கள் குடித்தது தேம்ஸ் தண்ணீர். அது அழுக்கு என்று பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதனால்தான் முதல் உலகப் போர்க் காலத்திலேயே, 1916-லேயே, அதில் குளோரின் கலக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆற்றுத் தண்ணீர் குடித்தவன் தப்பித்தான். கிணற்றுத் தண்ணீர் குடித்தவனுக்கு வந்தது கேடு.

1937 செப்டம்பர் கடைசியில் அடிங்டன் கிணற்றுக்குள் ஆட்கள் இறங்கிப் பழுதுபார்க்கும் வேலை செய்தார்கள். வேலை நடந்தபோது வடிகட்டலும் குளோரினும் நின்றிருந்தன. தண்ணீர் மட்டும் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. இறங்கியவர்களில் ஒருவருக்கு முதல் உலகப் போர்க் காலத்தில் டைபாய்டு வந்து குணமாகியிருந்தது. அவர் திடகாத்திரமாக இருந்தார். ஆனால் கிருமி அவர் உடம்பை விட்டுப் போகவில்லை, அவருக்கே அது தெரியாது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அவர் தன் வேலையைத்தான் செய்தார்.

டைபாய்டு உடனே காட்டிக்கொடுக்கிற நோய் இல்லை. கிருமி வயிற்றுக்குள் போய் ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்துத்தான் காய்ச்சல் ஏறும். அக்டோபர் கடைசியில் தெற்குக் கிராய்டன் வீடுகளில் ஒவ்வொன்றாகக் காய்ச்சல். அந்த நாளில் டைபாய்டு என்றால் சந்தேகம் பால் மேல் விழும். முந்தைய ஆண்டுதான் போர்ன்மத் பக்கத்தில் காய்ச்சாத பாலால் 500 பேருக்கு மேல் படுத்திருந்தார்கள். இல்லாவிட்டால் சிப்பி மேல் விழும். குழாய்த் தண்ணீர் மேல், அதுவும் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீர் மேல், யார் கை நீட்டுவார்கள்? கிணற்றில் வேலை நடக்கிறது என்ற விஷயமே நோயைத் துரத்திக்கொண்டிருந்த மருத்துவ அதிகாரிக்குத் தெரிவிக்கப்பட்டிருக்கவில்லை. பொறியாளர்கள் மேஜையில் இருந்த ஒரு தகவல் அடுத்த கட்டத்து மேஜைக்கு நடந்து போகவில்லை, அவ்வளவுதான்.

நவம்பர் தொடக்கத்தில் கிணற்றை நிறுத்தினார்கள். அதற்குள் ஆகவேண்டியது ஆகிவிட்டது. மொத்தம் 341 பேர் நோயில் விழுந்தார்கள், 43 பேர் இறந்தார்கள். டைபாய்டைக் கொல்லும் குளோராம்பெனிகால் மருந்து வருவதற்கு இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தது. படுக்கை, கஞ்சி, நர்ஸின் கை, பிரார்த்தனை, இவை தவிர வேறு ஒன்றும் டாக்டரிடம் இல்லை.

தெற்குக் கிராய்டன்வாசிகள் சும்மா இருக்கவில்லை. தாங்களே ஒரு குழு அமைத்துக் கேள்வி கேட்டார்கள். அரசு பொது விசாரணை வைத்தது. டிசம்பரில் தொடங்கிய அந்த விசாரணையின் முடிவில் மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்ததே விபரீதம் என்று தெரிந்தது: கிணற்றில் நடந்த வேலை, அந்த ஒரு தொழிலாளியின் உடம்பில் இருந்த கிருமி, குளோரின் இல்லாமை. இதில் எந்த ஒன்று இல்லாமல் இருந்திருந்தாலும் 43 பேரும் கிறிஸ்துமஸ் கொண்டாடியிருப்பார்கள். மகளுக்கு நோய் வந்த ஒரு தந்தை கோர்ட்டுக்குப் போனார். தண்ணீர் கொடுத்தவர்களுக்குப் பொறுப்பு உண்டு என்று 1938-ல் தீர்ப்பானது. தண்ணீர் வரி கட்டுகிறவனுக்குச் சுத்தமான தண்ணீர் கேட்கும் உரிமை உண்டு என்பதற்கு அந்த வழக்கை இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள்.

‘புறநகரின் பிரச்சினை தண்ணீரும் குழாயும் இல்லை, வறுமைதான்’ என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்டாக்டன் ஊரில் சேரியிலிருந்து புதுக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டவர்களின் இறப்பு விகிதம் ஐந்து வருஷத்தில் ஆயிரத்துக்கு 23-லிருந்து 33-க்கு மேல் ஏறியது. வாடகை கூடியதால் தட்டில் சாப்பாடு குறைந்துவிட்டது என்று அந்த ஊர் மருத்துவ அதிகாரியே கணக்குப் போட்டுக் காட்டினார். மறுக்க முடியாத கணக்குதான். ஆனால் ஏழையின் பசி கண்ணுக்குத் தெரியும், தேடினால் கிடைக்கும். தெற்குக் கிராய்டனில் பசி இல்லை, நெரிசல் இல்லை, அழுக்கும் இல்லை. எல்லாம் சரியாக இருந்த இடத்தில் சாவு குழாய் வழியே வந்ததுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது.

கிராய்டனுக்குப் பிறகு ‘எங்கள் கிணறு சுத்தம், எங்களுக்குக் குளோரின் எதற்கு’ என்ற பேச்சு அடங்கியது. பிரிட்டனின் பொதுக் குடிநீரில் குளோரின் கலப்பது எங்கும் வழக்கமானது. குடிநீர் நிலைய ஊழியர்களுக்கு டைபாய்டு கிருமி இருக்கிறதா என்று சோதிப்பதும் வழக்கமானது. இன்றைக்கும் அந்த நாட்டில் குடிநீர்க் கிணற்றிலோ, தொட்டியிலோ, பெரிய குழாயிலோ கைவைக்கும் தொழிலாளி நீல நிற அட்டை ஒன்று வைத்திருக்க வேண்டும். அதற்கு உடல்நலக் கேள்வித்தாள் நிரப்பி, சுகாதாரப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து தேற வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அட்டையைப் புதுப்பிக்க வேண்டும்.