இரண்டு சோடியம், ஒரு குளுக்கோஸ்

பானங்களின் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' (பேதிக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) என்ற எழுத்துகளை இனி எந்த வடிவத்திலும் சேர்க்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஆண்டுக்கணக்கில் நடத்திய போராட்டத்துக்குக் கிடைத்த பலன் அது. பேதியில் துவண்ட குழந்தைக்கு மருந்துக் கடையில் அந்தப் பெயரைப் பார்த்து இனிப்புப் பானத்தை வாங்கிக் கொடுத்தவர்கள் ஏராளம். "இதிலும் உப்பும் சர்க்கரையும்தானே இருக்கிறது, என்ன கெட்டுவிடும்?" என்று இன்னும் கேட்கிறார்கள். கெடும். இங்கே மருந்தாக வேலை செய்வது அளவுதான்.

என் மேசையில் ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருக்கிறது. பின்பக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு அச்சாகியிருக்கிறது: குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6, ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5. ஆக 20.5 கிராம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு. கரைத்தபின் மூலக்கூறுகளை எண்ணினால் சோடியமும் குளுக்கோஸும் சரிக்குச் சரி: லிட்டருக்கு 75 மில்லிமோல். இனிப்புப் பானங்களில் சர்க்கரை இதைவிடப் பல மடங்கு.

காலராவை எடுத்துக்கொண்டால் இந்தக் கணக்கு துலக்கமாகப் புரியும். காலராக் கிருமி குடலைத் துளைப்பதில்லை, புண்ணாக்குவதும் இல்லை. ஒரு நச்சை மட்டும் விடுகிறது. குடல் செல்லுக்குள் புகுந்த அந்த நச்சு, ஒரு ஸ்விட்சைப் போட்டு, திரும்ப அணைக்க முடியாதபடி செய்துவிடுகிறது. குளோரைடின் வாசல் திறந்தபடியே நிற்கிறது. குளோரைடு வெளியேற, சோடியம் பின்தொடர, தண்ணீர் அவற்றோடு கொட்டுகிறது. கடுமையான நோயாளிக்கு மணிக்கு ஒரு லிட்டர்கூட இழப்பாகலாம். போதாததற்கு, உப்பைச் சாதாரணமாக உள்ளே இழுக்கும் வழியும் அடைபடுகிறது. வெறும் தண்ணீரோ, உப்புத் தண்ணீரோ கொடுத்தால் நிற்காமல் ஓடிவிடும்.

ஆனால் ஒரு வழியை அந்த நச்சால் தொட முடியவில்லை. குடல் செல்லின் சுவரில் இருக்கும் ஒரு புரதம் அது. பந்த் அன்று பஸ்ஸெல்லாம் நின்றுபோக, ஷேர் ஆட்டோ மட்டும் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆட்டோவில் மூன்றே இருக்கை: சோடியத்துக்கு இரண்டு, குளுக்கோஸுக்கு ஒன்று. மூன்றும் நிரம்பாமல் வண்டி நகராது. அதிலும் சோடியம் ஏறி உட்கார்ந்த பிறகுதான் குளுக்கோஸின் இருக்கையே விரிகிறது. மூவரும் ஏறியதும் வெளிப்பக்கக் கதவு மூடி, செல்லின் உள்பக்கக் கதவு திறக்கிறது. இறங்கிய சோடியத்தை ஒரு பம்ப் ஓயாமல் ரத்தத்தின் பக்கம் தள்ளிவிடுவதால் செல்லுக்குள் சோடியத்துக்கு எப்போதும் இடம் காலி. அந்தக் காலியிடம்தான் ஆட்டோவுக்குப் பெட்ரோல். தண்ணீருக்கென்று இருக்கை கிடையாது. உப்பும் சர்க்கரையும் போன திசையில் அது தானாகவே போய்விடும்.

நிறுத்தத்தில் குளுக்கோஸ் மட்டும் கூட்டமாக நின்றால்? துணைக்குச் சோடியம் இல்லை, போதுமான வண்டியும் இல்லை. ஏறாமல் தங்கிய சர்க்கரை, உடம்பிலிருக்கும் நீரைக் குடலுக்குள் இழுக்கும். பேதி கூடும். இதனால்தான் 2002இல் உலக சுகாதார நிறுவனம் பழைய கரைசலில் உப்பையும் சர்க்கரையும் குறைத்தது. குறைத்த பிறகு வாந்தியும் குறைந்தது, டிரிப்ஸ் ஏற்ற வேண்டிய தேவையும் குறைந்தது. நச்சேறிய செல்களைக் குடல் சில நாட்களில் உதிர்த்துவிட்டுப் புதியவற்றை வளர்த்துக்கொள்ளும். அதுவரை உயிரைப் பிடித்துவைக்க இந்த ஆட்டோ போதும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலரா நச்சு இருப்பதைக் கல்கத்தாவில் சம்புநாத் டே 1959இல் நிறுவினார். சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து போகும் இந்த ஜோடிப் பயணத்தை ராபர்ட் கிரேன் 1960இல் பிராகில் முன்வைத்தார். 1971இல் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா நோயாளிகளுக்கு டிரிப்ஸ் தீர்ந்துபோனபோது மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் கரைசலை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே குவளையில் எடுத்துப் புகட்ட வைத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே போனது.

கரைசல் உயிரைக் காக்கும். நோய் வராமல் தடுக்காது. காரைக்காலில் 2022 ஜூலையில் காலரா பரவிப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்க நேர்ந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வரும் ஊர்களில் ஆபத்து அதிகம். மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் அழுத்தம் விழுகிறது. விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே கசிகிறது. முதலில் வரும் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள். தெருக்கோடிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. உங்கள் ஊராட்சியில், நகராட்சியில் அதைக் கேளுங்கள். சந்தேகம் வந்தால் தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வையுங்கள்; பேதிக் கிருமிகள் சாகும். தண்ணீர் மட்டுமல்ல, கையும் கிருமியைக் கடத்தும். ஷிகெல்லா என்ற கிருமி நூற்றுக்கும் குறைவாக உள்ளே போனாலே சீதபேதி வரலாம். கழிப்பறைக்குப் போய்வந்ததும், சோறு ஊட்டுமுன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்வது அதற்காகத்தான்.

பொட்டலத்தைப் பிரித்துப் பாதிப் பொடியை டம்ளரில் போடாதீர்கள். முழுவதையும் பொட்டலத்தில் சொல்லியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரையுங்கள். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூனால் மெதுவாகக் கொடுங்கள். மலத்தில் ரத்தம், குழிவிழுந்த கண், சிறுநீர் போகாமை, எழுப்ப முடியாத சோர்வு இருந்தால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கரைத்து 24 மணி நேரம் ஆனதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.