தொட்டிக்குள் வளரும் கல்

வெப்பமண்டலக் கடல்நீரில் இருக்கும் சுண்ணக்கல்லின் அளவைக் கணக்குப் போட்டால், அது கரைந்து நிற்கவே கூடாது. பவளங்கள் எலும்பாகக் கட்டுவது அரகோனைட் என்ற படிகம். அதற்கு உரிய நிறைவுநிலையைப்போல் மூன்று நான்கு மடங்கில் மேற்பரப்பு நீர் இருக்கிறது. ஆனாலும் கல் தானாக வெண்படிவாய் இறங்குவதில்லை. நடுவில் மக்னீசியம் நிற்கிறது. லிட்டருக்கு 1,300 மில்லிகிராம் அளவில், கால்சியத்தைப்போல் மூன்று மடங்கு இருக்கும் அது, படிகம் முளைவிடும் இடத்திலேயே ஒட்டிக்கொண்டு மேலே வளரவிடாமல் தடுத்துவிடுகிறது.

இந்தத் தடையைத் தாண்டத் தெரிந்த உயிர் பவளம். தன் தசைக்கும் எலும்புக்கும் இடையில் உள்ள மெல்லிய நீர்ப்படலத்திலிருந்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளி, கால்சியத்தை உள்ளே இழுக்கிறது. அங்கே அமிலம் குறையக் குறைய, கல் படியத் தொடங்கும். இதற்கு ஆகும் ஆற்றலில் பெரும்பங்கு, அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெயிலில் சமைத்துத் தருவது. அதனால்தான் பகலில் பவளம் கல் கட்டும் வேகம் இரவைப்போல் சுமார் மூன்று மடங்கு.

கடலுக்கு இந்தக் கல் கட்டுதல் ஒரு செலவே இல்லை. ஆனால் வீட்டுக் கூடத்தில் 200 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்ப்பவருக்கு இது அன்றாடச் செலவு. இரண்டு எண்களை அவர் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று கால்சியம், கடலில் லிட்டருக்கு சுமார் 410 மில்லிகிராம். இன்னொன்று காரத்தன்மை. பிஎச் அளவை இதனோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. காரத்தன்மை என்பது அமிலத்தை வாங்கிச் சமன்செய்ய நீரிடம் இருக்கும் கையிருப்பு. கடல்நீரில் அது பெரும்பாலும் பைகார்பனேட், கார்பனேட் வடிவில் இருக்கிறது. மீன்தொட்டிக்காரர்கள் இதை ஜெர்மன் டிகிரியில் அளக்கிறார்கள். கடலின் அளவு ஏறக்குறைய 7 டிகிரி.

புதிதாகத் தொட்டி வைப்பவர் முதலில் கால்சியத்தின் பின்னால்தான் ஓடுவார். எலும்பு என்றதும் கால்சியம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் முதலில் தீர்ந்துபோவது காரத்தன்மை. கல் உருவாகும்போது ஒரு கால்சியம் அயனிக்கு இரண்டு பைகார்பனேட் செலவாகிறது. ஒன்று கல்லில் சேர, மற்றொன்று கரியமில வாயுவாகவும் நீராகவும் பிரிகிறது. இந்தக் கணக்குப்படி காரத்தன்மை 2.8 டிகிரி இறங்கும்போது கால்சியம் வெறும் 20 மில்லிகிராம்தான் குறையும். 7 டிகிரியும் தீர்ந்தாலும் கால்சியம் 410இலிருந்து 360க்குத்தான் வந்திருக்கும். வீட்டில் மூட்டை நிறைய அரிசி, டப்பாவில் ஒரு படி உளுந்து என்று வைத்துக்கொண்டு இட்லிக்கு அரைப்பதைப்போலத்தான். இன்னொரு மூட்டை அரிசி வாங்கிப்போட்டு என்ன பயன்?

200 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 1 டிகிரி குறைகிறது என்றால், அன்றைக்கு சுமார் 3.6 கிராம் கல் கட்டப்பட்டிருக்கிறது. ஓராண்டில் 1.3 கிலோ. அத்தனையும் நீரிலிருந்து வந்த கல். அதே நாளில் கால்சியம் குறைவது லிட்டருக்கு 7 மில்லிகிராம்; வீட்டுச் சோதனைப் பெட்டி பலவற்றின் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே அன்றாடம், அதுவும் நாள்தோறும் ஒரே வேளையில், அளக்க வேண்டியது காரத்தன்மையை. எட்டு டிகிரியா ஒன்பதா என்று தொட்டிக்காரர்கள் வாதம் செய்வார்கள். என்னைக் கேட்டால், எந்த எண்ணில் நிற்கிறது என்பதைவிட அசையாமல் நிற்கிறதா என்பதே பெரிய கேள்வி.

செலவானதை ஈடுசெய்யும் வழிகளில் எனக்குப் பிடித்தது மிகப் பழைய பொருள் ஒன்றைப் பயன்படுத்துவது: தெளிந்த சுண்ணாம்புநீர். பவளத்தொட்டிகளில் இதை 1970களில் பரப்பியவர் பீட்டர் வில்கன்ஸ். பதநீர்க் கலயத்தில் தடவுகிறோமே, அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான். ஒரு லிட்டர் நல்ல நீரில் ஒன்றரை கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் அது கரையும். மீதி அடியில் தங்கிவிட, மேலே தெளிந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். தொட்டி நீரில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து, பவளம் எடுத்த அதே விகிதத்தில் கால்சியத்தையும் காரத்தன்மையையும் இது திருப்பித் தருகிறது. 200 லிட்டர் தொட்டியில் ஒரு நாளில் 2 லிட்டர் ஆவியாகிறது என்று வையுங்கள். அதற்கு ஈடாக நிறைவுற்ற சுண்ணாம்புநீரை விட்டால் ஏறக்குறைய 1 டிகிரி திரும்பிவிடும். பொருத்தம் பாருங்கள்! ஆனால் அதன் பிஎச் 12க்கு மேல். தோலையும் கண்ணையும் அரித்துவிடும். தொட்டிக்குள் சொட்டுச்சொட்டாக, பாசிகள் ஓய்ந்து கரியமில வாயு தேங்கும் இரவு நேரத்தில்தான் விட வேண்டும். அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் மக்னீசியத்தின் தடையும் உடைந்து, நீர் முழுக்க வெளுத்து, கல் எல்லாம் பம்பிலும் ஹீட்டரிலும் ஏறிக்கொள்ளும். வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பும் வேதியியலில் இதுவே என்றாலும் அதில் வேறென்ன கலந்திருக்கிறதோ. உணவுத்தரப் பொடியே நல்லது.

பவளம் அதிகமுள்ள தொட்டிக்கு இது போதாது. கால்சியம் குளோரைடு ஒரு புட்டியிலும் சோடியம் பைகார்பனேட் இன்னொன்றிலும் கரைத்து, இரண்டையும் தனித்தனியே விடுகிறார்கள். சிலர் பவளத்துண்டுகள் நிரப்பிய குழாய்க்குள் கரியமில வாயுவைச் செலுத்தி, பழைய கல்லைக் கரைத்துப் புதிய கல்லுக்குக் கொடுக்கிறார்கள்.

இதெல்லாம் பொழுதுபோக்குக்காரர்களின் சங்கதி என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் கண்ணாடிக் கூரைக்குள் கட்டிய பயோஸ்பியர் 2 என்ற மூடிய ஆய்வுக்கூடத்தில் சுமார் 26 லட்சம் லிட்டர் கொண்ட செயற்கைக் கடல் ஒன்று இருந்தது. 1991இல் எட்டுப் பேர் உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டபின் காற்றில் கரியமில வாயு ஏறியது. அது நீரில் கரைந்து அமிலத்தைக் கூட்டியதால், பவளங்களைக் காக்க அந்தக் கடலுக்கும் காரப்பொருள் போட வேண்டியிருந்தது. (கட்டடத்தின் கான்கிரீட்டில் இருந்த கால்சியம் ஹைட்ராக்சைடு அந்த வாயுவில் ஒரு பங்கைக் குடித்துக்கொண்டிருந்தது பிறகுதான் தெரியவந்தது.) பின்னர் ஆய்வாளர் கிறிஸ் லாங்டனின் குழு அதே கடலில் வேண்டுமென்றே கால்சியத்தையும் கார்பனேட்டையும் கூட்டிக் குறைத்துப் பார்த்தது. 2000இல் வெளியான அதன் முடிவு: நீரின் நிறைவுநிலை இறங்க, பவளத்திட்டு கல் கட்டும் வேகமும் இறங்கும்.

உண்மையான கடலிலும் ஒருமுறை இதைச் செய்து பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவின் ஒன் ட்ரீ தீவில் ஆய்வாளர்கள் ரெபேக்கா ஆல்பிரைட்டும் கென் கால்டீராவும், பவளத்திட்டின் மேல் ஓடும் நீரில் சோடியம் ஹைட்ராக்சைடைக் கலந்து, தொழிற்புரட்சிக்கு முந்தைய வேதியியலை அதற்குச் சற்றுநேரம் திருப்பிக் கொடுத்தார்கள். கல் கட்டும் வேகம் சுமார் 7 சதவீதம் கூடியது. நாம் புகைத்த கரியமில வாயு இதுவரை பவளத்திடமிருந்து பறித்தது எவ்வளவு என்பதற்கு அது ஓர் அளவுகோல். முழுக் கடலுக்கும் இப்படி மருந்து ஊற்ற எந்த நாட்டாலும் ஆகாது.

மன்னார் வளைகுடாவில் நடந்தது இதற்கு நேர் எதிர்த்திசை. முருகைக்கல்லை, அதாவது பவளக்கல்லை, வெட்டி எடுத்துக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லியும் கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் ஆகிய தீவுகள் கடலுக்குள் மூழ்கியதற்கு அந்தத் தோண்டலும் ஒரு காரணம். 2001 முதல் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே அட்டவணையில் இருக்கின்றன. நம் கடலில் எடுத்த பவளத்தை யாராவது தொட்டிக்கென்று விற்க வந்தால், விலை கேட்காமல் திருப்பி அனுப்புங்கள்.