குளிர்கடலில் ஒரு வாரம்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஓபன் என்னும் சிறிய துறைமுக நகரம் உள்ளது. அதைச் சுற்றியுள்ள கடலில் மல், லிஸ்மோர், கெரெரா எனப் பல தீவுகள் உள்ளன. கோடைக்காலத்தில் குடும்பத்தினரும் நண்பர்களும் சேர்ந்து, இங்குப் பாய்மரப் படகு ஒன்றை ஒரு வாரத்திற்கு வாடகைக்கு எடுப்பதுண்டு. பதினொரு மீட்டர் நீளமுள்ள படகில் ஆறு பேர் தங்கலாம். படுக்கையறை, சமையலிடம், கழிவறை எல்லாம் அதனுள்ளேயே இருக்கும். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்குப் பிறகுதான் சூரியன் மறையும். ஆகவே, இருட்டுமுன் கரை சேர வேண்டுமே என்ற அவசரம் இல்லை.

படகோட்டியையும் சேர்த்தே படகை வாடகைக்கு எடுக்கலாம். படகை மட்டும் எடுத்துத் தாங்களே செலுத்தவும் செய்யலாம். அப்படியானால், குழுவில் ஒருவருக்குப் போதிய அனுபவம் உண்டு என்பதை உரிமையாளரிடம் காட்ட வேண்டும். பிணைத்தொகையும் கட்ட வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அந்த ஒருவர் தந்தையாகவோ மாமாவாகவோ இருப்பார். மற்றவர்கள் தங்களைப் பயணிகளாகவே எண்ணிக்கொள்வார்கள். பேருந்தில் அப்படி இருக்கலாம். படகில் இருக்க முடியாது. படகைச் செலுத்தத் தெரிந்த அந்த ஒருவரே கடலில் விழுந்துவிட்டால் என்ன செய்வது?

நம் நாட்டுக் கடல்நீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் 30 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கும். ஸ்காட்லாந்துக் கடலிலோ கோடையிலும் 13 அல்லது 14 பாகைதான். அத்தகைய நீரில் திடீரென விழுபவரை முதலில் தாக்குவது மூச்சுத்திணறலே. அவர் தம்மை அறியாமலேயே மூச்சை வேகமாக உள்ளிழுப்பார். அப்போது தலை நீருக்குள் இருந்தால் நீரும் உள்ளே போய்விடும். இந்த அதிர்ச்சி ஓரிரு நிமிடங்களில் தணியும். அதுவரை நீந்த முயலாமல் மல்லாந்து மிதப்பதே நல்லது. பிறகு தசைகள் குளிரத் தொடங்கும். சுமார் பத்து நிமிடங்களில், வீசப்பட்ட கயிற்றைப் பற்றக்கூட விரல்கள் மடங்கா. நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இதே நிலைதான்.

படகு மணிக்கு ஐந்து கடல்மைல் வேகத்தில் போனால், ஒரே நிமிடத்தில் 150 மீட்டர் தொலைவு சென்றுவிடும். அலைகளுக்கிடையே ஒரு மனிதத் தலையைக் கண்டுபிடிப்பது எளிதன்று. எனவே, விழுந்தவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் கைநீட்டிக் காட்டிக்கொண்டிருப்பதே ஒருவருடைய முழுநேர வேலை. பன்னிரண்டு வயதுச் சிறுமியாலும் இதைச் செய்ய முடியும். இன்னொருவர் பாயைத் தளர்த்திப் படகை நிறுத்த வேண்டும். மற்றொருவர் வானொலிக் கருவியின் 16ஆம் அலைவரிசையில் உதவி கோர வேண்டும். இயந்திரத்தை இயக்குமுன் நீரில் கயிறு ஏதும் கிடக்கிறதா என்று பார்ப்பதும் முக்கியம். கயிறு சுழல்விசிறியில் சுற்றிக்கொண்டால் இயந்திரம் நின்றுவிடும். நனைந்த உடையோடு இருப்பவரைக் கையால் தூக்குவது மிகக் கடினம். பாயை ஏற்றும் கயிற்றை அவருடைய உயிர்காப்பு அங்கியில் மாட்டித்தான் மேலே இழுப்பார்கள். இவற்றையெல்லாம் முதல் நாளே, படகு துறைமுகத்தில் கட்டப்பட்டிருக்கும்போதே, ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும். விடுமுறையின் முதல் மாலைப்பொழுது வீணாகிறதே என்று சிலர் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

குளிரைப் போலவே கவனிக்க வேண்டியது ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம். ஏறக்குறைய ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை நீரோட்டம் திசை மாறுகிறது. ஓபனுக்குத் தெற்கே, ஜூரா, ஸ்கார்பா ஆகிய தீவுகளுக்கிடையே கோரிவ்ரெக்கன் என்னும் குறுகிய நீரிணை இருக்கிறது. அங்கு நீரோட்டம் மணிக்கு எட்டுக் கடல்மைலுக்கும் அதிகமான வேகத்தில் பாயும். அடிக்கடலிலிருந்து செங்குத்தாக எழும் பாறையொன்றில் மோதுவதால் அந்த நீர் பெருஞ்சுழலாக மாறுகிறது. பாய்மரப் படகின் வேகமோ ஐந்து அல்லது ஆறு கடல்மைல்தான். எதிர்த்துப் போனால் படகு பின்னோக்கியே நகரும்.

எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் ஜூராவில் தங்கி '1984' என்னும் புதினத்தை எழுதிக்கொண்டிருந்தார். 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், தம் மூன்று வயது மகனையும் அக்காளின் பிள்ளைகளையும் சிறு இயந்திரப் படகில் ஏற்றிக்கொண்டு அந்த நீரிணை வழியாக வீடு திரும்பினார். ஓத அட்டவணையை அவர் தவறாகக் கணித்திருந்தார். சுழலில் சிக்கிய படகிலிருந்து இயந்திரம் பிய்ந்து கடலில் விழுந்தது. துடுப்புப் போட்டு ஒரு பாறைத்தீவை நெருங்கியபோது படகும் கவிழ்ந்தது. எப்படியோ அனைவரும் பாறையில் ஏறிவிட்டனர். சில மணி நேரத்திற்குப் பிறகு அவ்வழியே வந்த மீனவர்கள் அவர்களைக் காப்பாற்றினர்.

இன்று இப்பகுதியில் படகு எடுப்பவர்கள் காலையில் தேநீரோடு ஓத அட்டவணையையும் வானிலை அறிக்கையையும் பார்ப்பார்கள். காற்று பலமாக இருந்தால் மல் தீவின் டோபர்மோரி துறைமுகத்திலேயே தங்கிவிடுவார்கள். கரையோரம் வரிசையாக நிற்கும் வண்ண வண்ண வீடுகளைப் பார்த்தபடி, ஈரக் காலுறைகளைக் காயவைத்துவிட்டு, சீட்டு விளையாடுவார்கள்.