கருவிகளுக்குப் பெயர் சூட்டும் எழுத்தர்

மாரிக்குப்பத்தில் விடியற்காலை வண்டி ஏறி, பெங்களூருக்குக் கணிப்பொறி வேலைக்குச் சென்றுவரும் பிள்ளைகள் நம் வீடுகளில் பலர் உண்டு. அவர்களில் இருவர், “லினக்ஸில் யுடெவ்வை மட்டும் சிஸ்டம்டி இல்லாமல் கட்ட முடியுமா, அங்கிள்?” என்று என்னைக் கேட்டார்கள். ரயில்வேயில் டிப்ளமா எஞ்சினீயராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு லினக்ஸ்தான் இப்போது பொழுதுபோக்கு. பெற்றோருக்கும் விளங்கும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

பெரிய யார்டுகளில் வந்து நிற்கும் வேகன்களின் எண்களைக் குறித்துக்கொள்ளும் எழுத்தர் ஒருவர் இருப்பார். யுடெவ்வின் வேலையும் ஏறக்குறைய அதுதான். பென் டிரைவைச் செருகியதும் கெர்னல் ‘புதிய கருவி வந்துள்ளது’ என்று செய்தி அனுப்பும். யுடெவ் தன் விதிப் புத்தகத்தைப் புரட்டி, அது என்ன கருவி, யார் தொடலாம், வேறு எந்தப் பெயரில் அழைக்கலாம் என்று முடிவு செய்யும். தேவையான டிரைவரையும் ஏற்றச் செய்யும். இது 2003ல் வந்தது. அதற்கு முன் பல கணிப்பொறிகளில், இல்லாத கருவிகளுக்கும் சேர்த்து ஆயிரக்கணக்கில் பெயர்களை எழுதி வைத்திருந்தார்கள்!

சிஸ்டம்டி என்பது ஸ்டேஷன் மாஸ்டர் போன்றது. கணிப்பொறி எழுந்ததும் எந்தெந்தச் சேவை எப்போது தொடங்க வேண்டும் என்பதை அது பார்த்துக்கொள்ளும். அது 2010ல் வந்தது. 2012 ஏப்ரலில் யுடெவ்வின் மூல நிரலையும் அதற்குள் சேர்த்துவிட்டார்கள். தனியாகக் கட்டலாம் என்று அப்போதே உறுதி சொன்னார்கள். ஆனாலும் வேறு தொடக்க முறையை விரும்பியவர்கள் கலங்கினார்கள். அந்தக் கலக்கம் நமக்குப் புரியாததா? வீடு, தண்ணீர், மருத்துவமனை என்று அனைத்தும் சுரங்கத்தோடு பிணைந்திருந்த ஊர் நம்முடையது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது என்ன நேர்ந்தது என்பதை நாம் அறிவோம்.

ஜென்டூ லினக்ஸைச் சேர்ந்த சிலர் 2012 இறுதியில் நிரலைப் பிரித்தெடுத்து ‘இயுடெவ்’ என்ற பெயரில் தனியே நடத்தத் தொடங்கினார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் வரைபடத்தை நகலெடுத்துத் தனியாக வைத்துக்கொண்டால், மூல வரைபடம் திருத்தப்படும் ஒவ்வொரு முறையும் நகலையும் கையால் திருத்த வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்களுக்கு அந்தத் தொல்லை தெரியும். 2021ல் ஜென்டூ அதைக் கைவிடுவதாக அறிவித்தது. பிறகு டெவுவான், ஆல்பைன் அன்பர்கள் முதலியோர் பொறுப்பேற்றார்கள்.

எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. வரைபடம் ஒன்றே இருக்கட்டும், அதிலிருந்து வேண்டிய பாகத்தை மட்டும் செய்துகொள்வோம். சொந்தமாக லினக்ஸ் கட்டக் கற்றுத்தரும் ‘லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்’ நூல், பழைய தொடக்க முறைக்கான பதிப்பில், 2023ல் இப்படித்தான் செய்யத் தொடங்கியது. சிஸ்டம்டியின் மூல நிரல் முழுவதையும் இறக்கி, ‘மெசான்’ கருவியால் அமைப்பைத் தயார் செய்கிறோம். பிறகு ‘நிஞ்ஜா’விடம் எல்லாவற்றையும் கட்டச் சொல்லாமல் யுடெவ் நிரல், அதன் நூலகம், விதிகள், வன்பொருள் தகவல் தொகுப்பு ஆகியவற்றை மட்டும் பெயர் சொல்லிக் கேட்கிறோம். அவற்றை உரிய இடங்களில் வைத்தால் கட்டும் வேலை தீர்ந்தது.

ஓடவிடுவதில்தான் கவனம் தேவை. யுடெவ் எழுவதற்கு முன்பே பல கருவிகளைக் கெர்னல் கண்டிருக்கும். அந்தச் செய்திகள் அப்போதே போயிருக்கும். ஆகவே தொடக்க ஸ்கிரிப்டில் முதலில் யுடெவ்வை எழுப்பி, அடுத்து ‘டிரிகர்’ கட்டளையால் பழைய செய்திகளை மீண்டும் அனுப்பச் சொல்லி, ‘செட்டில்’ கட்டளையால் எல்லாம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். இதை விட்டால் சவுண்டு இருக்காது, நெட்வொர்க் இருக்காது. குற்றம் கட்டிய முறையில் என்று எண்ணி இரவெல்லாம் தேடுவீர்கள்.

நெட்வொர்க் கார்டின் பெயர் ‘ஈத்0’ என்பதிலிருந்து மாறிப்போகவும் கூடும். பழைய பெயரே வேண்டுமானால் பூட் வரியில் ‘நெட்.இஃப்நேம்ஸ்=0’ என்று ஆங்கிலத்தில் சேர்த்துவிடுங்கள். எது செய்யுமுன்னும், மீட்புக்கு உதவும் பென் டிரைவ் ஒன்று மேசையில் தயாராக இருக்கட்டும்.