ஆகஸ்ட் 12 கிரகணம்: எங்க நிக்கிறது, எப்படிப் பாக்கிறது, எதால படம் எடுக்கிறது



இந்த வார எபிசோட்ல 2026 ஆகஸ்ட் 12 முழுச் சூரிய கிரகணத்தைப் பற்றிக் கதைச்சோம். இடம், ஃபில்டர், கமரா செட்டிங் விஷயங்களை எழுத்தில வாசித்தால்தான் வசதி. அதனால அதெல்லாம் இங்கே.

90 சதவீதம் ஏன் காணாது?

லண்டனில் சூரியனின் 90 சதவீதத்துக்கு மேல் மறையும். "அப்ப இங்கயே பாக்கலாம்தானே" என்று தோன்றும். ஆனால் சூரியனைச் சுற்றியிருக்கிற கொரோனா, சூரியனைவிடப் பத்து லட்சம் மடங்கு அளவில் மங்கலானது. ஒரே ஒரு சதவீதம் மறையாமல் இருந்தாலும், அந்த வெளிச்சம் கொரோனாவைவிடப் பல்லாயிரம் மடங்கு கூட. அதனால 99 சதவீதத்திலும் கொரோனா தெரியாது. நிழல் பாதைக்குள்ள நிண்டால்தான் தெரியும்.

அந்தப் பாதை கிரீன்லாந்து, மேற்கு ஐஸ்லாந்து, வட ஸ்பெயின் வழியாகப் போகுது. மட்ரிட், பார்சிலோனா ரெண்டும் மயிரிழையில வெளியே நிக்குது. பிளைட் புக் பண்ண முதல் இதைக் கவனியுங்கோ. புர்கோஸ் நகரத்தில் முழு இருட்டு 1 நிமிடம் 44 செக்கன் அளவு, சரகோசாவில் 1 நிமிடம் 24 செக்கன் அளவு.

ஒரு முஷ்டி உயரம்

ஸ்பெயினில் இது மாலைக் கிரகணம். முழு இருட்டு உள்ளூர் நேரம் இரவு எட்டரை மணியளவில். அப்ப பெரும்பாலான இடங்களில் சூரியன் அடிவானத்தில் இருந்து பத்து பாகைக்கும் கீழே இருக்கும். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதுதான் பத்து பாகை. ஒரு மரமோ மாடிக்கட்டிடமோ போதும், எல்லாம் போயிடும்.

சிம்பிள் டெஸ்ட்: முதல் நாள் பின்னேரம் அதே இடத்தில, அதே நேரத்தில போய் நில்லுங்கோ. சூரியன் கிட்டத்தட்ட அதே இடத்திலதான் இருக்கும். மலையோ வீடோ மறைத்தால் வேற இடம் தேட ஒரு நாள் மிச்சம் இருக்கு.

கண்

"கிரகணத்தைப் பாக்காதே, உள்ளுக்குப் போ" என்று அம்மம்மா சொன்னதில பாதி சரி. விழித்திரையில் வலி உணர்கிற நரம்பு இல்லை. அது எரியும்போது உங்களுக்கு நோகாது, பிறகுதான் பார்வை போனது தெரியவரும். ஐ.எஸ்.ஓ 12312-2 தரத்திலான கிரகணக் கண்ணாடி கட்டாயம் வேணும். கூலிங் கிளாஸ் சரிவராது.

முழு இருட்டில மட்டும் அந்தக் கண்ணாடியைக் கழற்றலாம். கழற்றத்தான் வேணும், இல்லாட்டி கொரோனா தெரியாது. கடைசி ஒளிப்புள்ளி மறைந்த பிறகு கழற்றி, மறுபக்கத்தில் முதல் புள்ளி தெரிந்தவுடனே திரும்பப் போடுங்கோ.

2019 டிசம்பர் 26 அன்று யாழ்ப்பாணத்திலயோ திருச்சியிலயோ கிரகணம் பார்த்த மச்சான்மார் "கண்ணாடியைக் கழற்றவே கூடாது" என்று சொல்லுவினம். அவையும் பிழையில்லை. அது கங்கண கிரகணம்: நடுவில் மறைந்தாலும் நெருப்பு வளையம் கடைசிவரை இருக்கும். இது முழுக் கிரகணம்.

போனா, கமராவா?

சூரியனின் உருவம் சென்சரில் எவ்வளவு பெரிதாக விழும்? லென்ஸின் குவியத் தூரத்தை 109 ஆல் பிரியுங்கோ. 500 மில்லிமீட்டர் லென்ஸில் நாலரை மில்லிமீட்டர், நல்ல படம். போனின் பிரதான லென்ஸ் உண்மையில் ஏழு மில்லிமீட்டர் அளவுதான், சூரியன் வெறும் புள்ளி.

அதனால போனை வைத்து சூரியனை ஸூம் பண்ணி மினக்கெடாதீங்கோ. சூரியன் இவ்வளவு கீழே இருக்கிறதால, வயல், மலை, இருண்ட வானம், முன்னுக்கு நிக்கிற கூட்டாளிகள் எல்லாம் ஒரே ஃபிரேமில வரும். அந்தப் படத்துக்குப் போன்தான் சரியான கருவி. ட்ரைபொட்டில வைத்து, ஃபிளாஷை நிப்பாட்டி, ஐந்து நிமிடம் முன்னுக்கே வீடியோவை ஓட விடுங்கோ. பிறகு தொடாதீங்கோ.

பெரிய கமரா வைத்திருக்கிறவைக்கு:

- வெளிச்சத்தை ஒரு லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கிற சூரிய ஃபில்டரை லென்ஸின் முன்பக்கம் பொருத்துங்கோ. கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃபில்டர் இல்லாத கமராவுக்குள்ளயோ பைனாகுலருக்குள்ளயோ பாக்கவே கூடாது. குவிந்த வெளிச்சம் கண்ணாடியைத் துளைத்துக் கண்ணுக்குப் போகும்.
- பகுதி கிரகணத்துக்கு ஐ.எஸ்.ஓ 100, எஃப் 8, 1/500 செக்கனில் தொடங்குங்கோ. சூரியன் கீழே இறங்க இறங்க ஷட்டரை மெதுவாக்க வேணும்.
- முழு இருட்டில ஃபில்டரைக் கழற்றி, 1/1000 முதல் 1 செக்கன் வரை வரிசையாக எடுங்கோ. உள் கொரோனாவும் வெளிக் கொரோனாவும் ஒரே எக்ஸ்போஷரில வராது.
- ஃபோகஸை முன்னுக்கே மனுவலில் பூட்டி, டேப் ஒட்டிவிடுங்கோ.

நாலு பேர், நாலு வேலை

ஒராள் நேரம் சொல்லட்டும். ஒராள் கமரா. ஒராள் "கண்ணாடி கழற்று, கண்ணாடி போடு" என்று சத்தமாகச் சொல்லட்டும். நாலாவது ஆளுக்கு வேலையே இல்லை, பாக்கிறது மட்டும்தான். கமராக்காரரும் முதல் அரைவாசியில எடுத்துவிட்டுக் கையை எடுக்க வேணும். கொரோனாவின் நல்ல படங்கள் நெட்டில ஆயிரம் கிடைக்கும். உங்கட கண்ணால பார்த்தது அங்க கிடைக்காது.

கிரகணத்தைத் துரத்திப் போறது எங்கட ஊருக்கும் பழசு. 1871 டிசம்பர் 12 முழுக் கிரகணத்தைப் பதிவு செய்ய பிரிட்டனில இருந்து கப்பலில வந்த ஆய்வாளர்களில் ஒரு பகுதியினர் யாழ்ப்பாணத்திலதான் நிண்டவை. இப்ப நாங்கள் இரண்டு மணித்தியால பிளைட்டில ஸ்பெயினுக்குப் போறோம்.

முடிந்தவுடனே காரை எடுக்காதீங்கோ, எல்லாரும் ஒரே ரோட்டில நிப்பினம். அன்றைக்கு அமாவாசை, பெர்சீட் எரிகல் மழையின் உச்ச இரவும் அதுதான். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய், பாயை விரித்துப் படுத்து மேலே பாருங்கோ.

படம் எடுத்தால் எங்களுக்கும் அனுப்புங்கோ. கூட்டாளிகளின்ர முகம் இருக்கிற படமென்றால் இன்னும் சந்தோஷம்.