விதைக்கு விருந்து வைக்காதீர்கள்!



மாடியில் நான்கைந்து தொட்டிகளை வைத்துக் கத்தரியும் மிளகாயும் பயிரிடும் வழக்கம் நம் இல்லங்களில் பெருகி வருகின்றது. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால், அது அவருக்குத் தர்மமாக அமைகிறது என்னும் கருத்துடைய நபிமொழியைப் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் காண்கிறோம். ஆகவே தொட்டிச் செடியும் சிறிய காரியமன்று. ஆனால் செடிக்கு முன்னே நாற்று. நாற்றுக்கு முன்னே அது வேரூன்றும் கலவை. அந்தக் கலவையில்தான் நம்மில் பலர் தவறுகின்றனர். நானும் தவறியவனே.

என் உம்மா நாட்டுக் கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டித் தகர டப்பாவில் வைத்துக் காத்து வந்தார்கள். வெளிர்பச்சை நிறத்தில் வெள்ளை வரியோடிய காய். எங்கள் ஊர்க் கடைகளில் அது கிடைப்பதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், "இம்முறை நான் வளர்த்துத் தருகிறேன்" என்று பெருமையாகச் சொல்லி விதையை வாங்கிக்கொண்டேன். தேங்காய் நார்த்தூள் கட்டியொன்றை வாங்கி நனைத்து உதிர்த்தேன். சத்து மிகுந்தால் நாற்று கொழிக்கும் என்றெண்ணி, அரைகுறையாய் மக்கிய சாணக் குப்பையைச் சரிபாதி கலந்தேன். எட்டாம் நாள் முளைத்தன, மகிழ்ந்தேன். பன்னிரண்டாம் நாள் ஃபஜ்ருத் தொழுகை முடித்து மாடியேறிப் பார்த்தால், பாதி நாற்றுகள் மண்ணையொட்டிய இடத்தில் தண்டு நூலாய் மெலிந்து சாய்ந்து கிடந்தன. மீதிப் பாதி இலையோரம் கருகி, அடுத்த வாரத்திற்குள் போய்விட்டன.

உம்மா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பச்சைப் புள்ளைக்கு யாராச்சும் பிரியாணி ஊட்டுவாங்களா வாப்பா?" என்று மட்டும் கேட்டார்கள். டப்பாவில் எஞ்சியிருந்த விதைகளை எண்ணினேன்: 22.

உம்மா சொன்னதுதான் இதில் அடிப்படை. விதை தனக்குரிய கட்டுச்சோற்றைத் தன்னுள்ளேயே சுமந்து வருகிறது. வித்திலைகள் இரண்டும் விரிந்து, அடுத்து உண்மையான இலை தோன்றும் வரையில் அதற்கு வெளியிலிருந்து பெரிதாக உணவு தேவையில்லை. அதற்கு வேண்டியவை ஈரமும் காற்றும் நோயற்ற படுக்கையும்தான். சாணமும் புண்ணாக்கும் வளர்ந்த செடிக்கு நல்விருந்து. முளைக்கோ அவை நஞ்சாகக்கூடும். மக்காத சாணம் சூடேறும். அதிலிருந்து கிளம்பும் அம்மோனியா இளவேரைச் சுட்டுவிடும்.

அப்படியானால் தோட்டத்து மண்ணையே அள்ளிப் போடலாமே எனக் கேட்பீர்கள். வயலில் பொலபொலவென்றிருக்கும் மண், சிறிய குவளைக்குள் நாள்தோறும் நீர் ஊற்றப்பட்டதும் இறுகிவிடும். வேருக்குக் காற்று கிடைக்காது. நாற்றழுகல் நோயை உண்டாக்கும் பித்தியம் போன்ற நுண்ணுயிர்களும் மண்ணிலேயே வாழ்கின்றன. இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தார் 1930-களில் விதைக்கென்று தனிக் கலவையை வகுத்தபோது, மண்ணை நீராவியில் வேகவைத்த பிறகே சேர்த்தனர். அவர்கள் அதில் கலந்தது சதுப்புநிலத்துக் கரி. நமக்கு அது வேண்டுவதில்லை. அதைவிட எளிதாகக் கிடைக்கும் நார்த்தூள் பொள்ளாச்சியிலிருந்து உலகெங்கும் போகிறது.

நார்த்தூள் தன் எடையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் நீரைப் பிடித்து வைக்கும்; அப்போதும் உள்ளே காற்றுக்கு இடமிருக்கும். 650 கிராம் கட்டி ஒன்று ஊறினால் ஏறத்தாழ 8 லிட்டர் தூள் கிடைக்கும். ஆனால் அதில் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது உப்பு. தென்னை மட்டையிலேயே உப்பு உண்டு. உவர்நீரில் ஊறவைத்த மட்டையானால் கேட்கவே வேண்டாம். என் நாற்றுகளின் இலையோரம் கருகியது இதனால்தான் என்பது என் கணிப்பு. தூளை ஒரு வாளியில் ஊறவைத்து, சாக்கில் கொட்டிப் பிழிந்து, மூன்று நான்கு முறையேனும் அலச வேண்டும். பழுப்பு நிறம் வெளிறி வரும். கடலோர ஊர்க்காரர்கள் கவனிக்க: உவர்ப்பான ஆழ்குழாய் நீரில் எத்தனை முறை அலசினாலும் பயனில்லை. எங்கள் மத்ரஸாவில் முதல் இரண்டு அலசலுக்கு உளூச் செய்த நீரைத் தேக்கிப் பயன்படுத்துகிறோம். கடைசி அலசலுக்கு மட்டும் மழைநீர்.

இரண்டாவது குறை, பச்சை நார்த்தூள் எளிதில் மக்காது என்பது. அதில் கரிமச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112-க்கு 1 என்ற அளவில் இருக்கிறது. அதை மக்கவைக்க முனையும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தையும் தாமே எடுத்துக்கொள்ளும். சிப்பிக் காளானையும் யூரியாவையும் சேர்த்து அதை மக்கவைக்கும் முறையொன்றைக் கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வகுத்துத் தந்துள்ளது. அம்முறையில் அந்த விகிதம் 24-க்கு 1 என்றளவுக்குக் குறைகிறது. வீட்டில் அவ்வளவு பாடு தேவையில்லை; சிறிது மண்புழு உரம் சேர்த்தாலே போதும்.

நான் இப்போது பயன்படுத்தும் அளவைச் சொல்கிறேன். அலசிய நார்த்தூள் இரண்டு பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு, கழுவிய பருமணல் ஒரு பங்கு. ஆற்றுமணல் இன்று அரிதாகிவிட்டது. எம்-சாண்டு எனில் மாவுபோன்ற தூள் போகும்வரை கழுவ வேண்டும். இல்லையேல் அது காற்றறைகளை அடைத்துவிடும். கடல்மணல் கூடவே கூடாது. இக்கலவையில் ஒரு படிக்கு ஒரு தேக்கரண்டி ட்ரைக்கோடெர்மா விரிடியைத் தூவிக் கொள்கிறேன். இது அழுகல் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை, உரக்கடைகளில் கிடைக்கும்.

கலவையின் ஈரத்தைக் கையே சொல்லிவிடும். ஒரு பிடி அள்ளி இறுக்கினால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளிகள் மட்டும் கசிய வேண்டும். ஒழுகினால் மிகை.

மண்புழு உரம் நன்கு முதிர்ந்ததா என்னும் ஐயம் எழுந்தால், ஒரு பிடியை நனைத்துப் பாலித்தீன் பையில் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறக்கும்போது முதல் மழை பெய்த மண்ணின் வாசனை வந்தால் நன்று. மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் இன்னும் சில வாரங்கள் பொறுக்க வேண்டும். இதைவிட உறுதியான சோதனை அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது. கலவை நிரப்பிய குவளை ஒன்றில் 20 வெந்தயத்தை விதையுங்கள். ஈரத்துணியில் 20 வெந்தயத்தை முடிந்து வையுங்கள். துணியில் 18 முளைத்துக் குவளையில் 8 முளைத்தால் குற்றம் விதையினுடையதன்று. இந்தச் சோதனையை நான் முதலிலேயே செய்திருந்தால் உம்மாவின் டப்பா காலியாகியிராது.

அந்த 22 விதைகளை ஓட்டையிட்ட சிரட்டைகளில், ஒன்றில் இரண்டாக, விதையின் பருமனைப் போல் இருமடங்கு ஆழத்தில் ஊன்றினேன். நெருக்கமாக விதைப்பதும் மாலையில் நீர் ஊற்றி இரவெல்லாம் ஈரத்தில் விடுவதும் அழுகலுக்கு அழைப்பாகும் என்பதால் காலையில் மட்டும் தெளித்தேன். உண்மை இலை இரண்டு தோன்றிய பிறகே, நன்றாக நீர்த்த மண்புழு உரக் கரைசலை வாரம் ஒருமுறை ஊற்றினேன். தக்காளி நாற்று 25 நாளில் நடவுக்கு ஆகும். கத்தரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு 40 நாள் தேவைப்படும்.

முளைத்தவை 17. நடவுவரை நின்றவை 14, அல்ஹம்துலில்லாஹ். நான்கை அண்டை வீட்டாருக்குக் கொடுத்தோம். ஒரு செடியில் முதல் காயைப் பறிக்க விடாமல் உம்மா கந்தலைச் சுற்றிக் கட்டி வைத்தார்கள். மஞ்சளாய்ப் பழுத்த பின் அதை அறுத்து விதையெடுத்துச் சாம்பலில் புரட்டியதும் அவர்கள்தாம். டப்பாவை இம்முறை என்னிடம் தரவில்லை.